ஷட்டர் ஸ்பீடைப் பழகுவது எப்படி? வீட்டு மின்விசிறியில் தொடங்கிக் குற்றாலம் வரை

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் ஷட்டர் ஸ்பீடை, அதாவது வெளிச்சம் உள்ளே வரக் கேமராவின் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை, பெரும்பாலும் வெளிச்சக் கணக்காகவே கற்றுக்கொள்கிறார்கள். வேகத்தைக் கூட்டினால் படம் கருக்கும், குறைத்தால் வெளுக்கும். அது சரிதான். ஆனால் வெளிச்சத்தைச் சரிக்கட்ட அப்பெர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) இருக்கிறது, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பதிவதில் கேமராவின் உணர்திறன்) இருக்கிறது. அசைவைப் படத்தில் எப்படிப் பதிப்பது என்று முடிவு செய்வது ஷட்டர்தான். அதனால் இங்கே முழுக்க முழுக்க அசைவின் பக்கமிருந்தே அதைப் பார்க்கப் போகிறோம்.

ஓடும் குழந்தைக்கு 1/500 விநாடி, பறவைக்கு 1/2000 விநாடி என்று பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் அந்தப் பொருள் படத்துக்குள் எவ்வளவு தூரம் நகர்ந்தது? மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் பேருந்து ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் போகும். 1/30 விநாடியில் 37 செ.மீ., 1/1000 விநாடியில் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல். அதே பேருந்து தூரத்தில் சிறிதாகத் தெரிந்தால் அந்த 37 செ.மீ. படத்தில் ஒரு நூலிழை. பக்கத்தில் நின்று எடுத்தால் பெரிய இழுப்பு. நம்மை நோக்கி நேரே வந்தால் அசைவு குறைவாகத்தான் தெரியும், குறுக்கே போனால் முழுதாகத் தெரியும். தூரம், திசை, ஜூம் மூன்றும் சேர்ந்துதான் பதிலைச் சொல்கின்றன. இது பிடிபட்டுவிட்டால் பட்டியல் தேவைப்படாது.

முதலில் டயலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நிக்கான், சோனி கேமராக்களில் டயலை எஸ் (S) என்ற எழுத்துக்கும், கேனானில் டிவி (Tv) என்ற எழுத்துக்கும் திருப்புங்கள். இந்த மோடில் ஷட்டர் நம் கையில், அப்பெர்ச்சர் கேமராவின் கையில். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 6400 என்று வைத்துவிடுங்கள். படம் கொஞ்சம் மணல்போலப் பொரிந்தாலும் பயிற்சிக்குப் பரவாயில்லை.

திரையில் 125 என்று தெரிந்தால் அது 1/125 விநாடி. 4 என்று தெரிந்தால் பல கேமராக்களில் அது 1/4 விநாடி. 4-க்குப் பக்கத்தில் இரட்டை மேற்கோள் போல இரண்டு கோடுகள் இருந்தால் அது முழு 4 விநாடி. இரண்டுக்கும் வித்தியாசம் பதினாறு மடங்கு. இரவில் படமெடுக்கும்போது அந்தக் கோடுகளைக் கவனிக்காமல் விட்டால் ஏன் படம் கருப்பாக வருகிறது என்று நெடுநேரம் குழம்ப நேரிடும்.

1/30, 1/60, 1/125, 1/250, 1/500, 1/1000 என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதன் பாதி நேரம். இதை ஒரு ஸ்டாப் என்பார்கள். டயலைத் திருப்பும்போது இடையில் 80, 100, 160 என்றெல்லாம் வரும், அவை மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப்கள். பயிற்சியில் முழு ஸ்டாப்பாகவே தாவுங்கள். 100-க்கும் 125-க்கும் உள்ள வேறுபாடு அசைவில் கண்ணுக்குத் தெரியாது.

கேமராவால் ஈடுகொடுக்க முடியாதபோது அப்பெர்ச்சர் எண் கண் சிமிட்டும், சிலவற்றில் லோ, ஹை என்று காட்டும். வெளிச்சம் போதவில்லை, அல்லது மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

முதல் பயிற்சி: மின்விசிறி

வேகம் மாறாமல் சுற்றும், சலிக்காது, யாருடைய அனுமதியும் வேண்டாம். ஷட்டர் பழக இதைவிட நல்ல பொருள் கிடையாது.

பகலில் ஜன்னலைத் திறந்துவைத்து, அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன். கேமராவை மேசையில் மல்லாக்க வைத்து அல்லது டிரைபாடில் மாட்டி விசிறியைப் பார்க்கத் திருப்புங்கள். ஃபோகஸ் பிடித்ததும் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் சுற்றும் இறக்கையில் அது தேடிக்கொண்டே இருக்கும். சைலண்ட் ஷட்டர் வசதி இருந்தால் அணைத்து, மெக்கானிக்கல் ஷட்டரில் வையுங்கள். இப்போது 1/1000-ல் தொடங்கி ஒவ்வொரு ஸ்டாப்பாக இறங்கி ஒரு விநாடி வரை எடுங்கள்.

விசிறி நிமிடத்துக்கு 360 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஆறு சுற்று. 1/1000 விநாடியில் இறக்கை 2 டிகிரி நகரும். 1/60-ல் 36 டிகிரி. 1/6-ல் ஒரு முழு வட்டம், அதற்குக் கீழே எல்லாமே ஒரே மங்கலான தட்டு.

1/1000-ல் எடுத்த படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். இறக்கை நின்றுவிட்டது போலத்தான் முதலில் தோன்றும். மோட்டாருக்குப் பக்கத்தில் உள்ள திருகுகள் துல்லியமாக இருக்கும், சில வீடுகளில் அங்கே படிந்த தூசிகூடத் தெரியும். அப்படியே இறக்கையின் நுனிக்கு வாருங்கள். ஓரம் மெல்லக் கரைந்திருக்கும். வீடுகளில் உள்ள விசிறிகளில் 1200 மி.மீ. அளவு சாதாரணம். அதன் நுனி மேலே சொன்ன வேகத்தில் மணிக்குச் சுமார் 80 கி.மீ. போகிறது. 1/1000 விநாடிக்குள் இரண்டு செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடுகிறது. மையமோ ஏறக்குறைய சும்மா நிற்கிறது. ஆக ஒரே படத்தில், ஒரே ஷட்டர் ஸ்பீடில், ஒரு பாகம் உறைந்தும் இன்னொரு பாகம் இழுபட்டும் இருக்கிறது. சிலம்பம் சுற்றுபவரின் முகம் தெளிவாகவும் கம்பின் முனை விசிறிபோலவும் வருவது, பந்து வீசுபவரின் தோள் நின்று கை மட்டும் கலங்குவது எல்லாம் இதே கணக்குதான்.

சைலண்ட் ஷட்டர் வேண்டாம் என்றேன் அல்லவா? அதில் சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அந்த நேரத்துக்குள் இறக்கை நகர்ந்துவிடுவதால் வாழை இலைபோல வளைந்து பதியும். மொபைலில் எடுத்தால் இது பளிச்சென்று தெரியும். விளக்கை அணைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி பல்புகளும் பழைய டியூப் லைட்டுகளும் அதனால் விநாடிக்கு 100 முறை பிரகாசம் கூடிக் குறையும். 1/1000-ல் எடுத்தால் ஒரு படம் வெளுத்தும் அடுத்தது கருத்தும் வரும், அல்லது படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும். கல்யாண மண்டபத்தில் இந்தத் தொல்லை வந்தால் 1/100 அல்லது 1/50-க்கு இறங்குங்கள். அந்த ஏற்ற இறக்கம் முழுதாக அடங்கிவிடும்.

இரண்டாவது பயிற்சி: நம் கையின் எல்லை

பொருள் அசைவது ஒன்று, நாம் அசைவது இன்னொன்று. இதற்குப் பழைய விதி ஒன்று உண்டு: லென்ஸின் மி.மீ. எண்ணைக் கீழே போட்டு மேலே 1 வைத்தால் கையில் பிடித்து எடுக்கக்கூடிய மெதுவான வேகம் வரும். சிறிய சென்சார் கேமராக்களில் நிக்கான், சோனிக்கு 1.5, கேனானுக்கு 1.6-ஆல் பெருக்க வேண்டும். 55 மி.மீ. என்றால் 1/100, 200 மி.மீ. என்றால் 1/320 என்று வைத்துக்கொள்ளலாம்.

விதி பொதுவானது, கை அவரவருடையது. உங்கள் எல்லையைக் கண்டுபிடிக்கச் சுவரில் மாட்டிய தினசரி நாட்காட்டி போதும். ராகுகாலம், எமகண்டம், சூலம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்களே, அதற்கு ஃபோகஸ் செய்யுங்கள். 1/125-ல் தொடங்கி 1/60, 1/30, 1/15, 1/8 என்று ஒவ்வொரு வேகத்திலும் ஐந்தாறு படம் எடுங்கள். எந்த வேகத்தில் பாதிக்கு மேல் எழுத்து படிக்கும்படி வருகிறதோ அதுதான் உங்கள் எல்லை. லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ஒருமுறை அணைத்தும் ஒருமுறை போட்டும் பாருங்கள், எத்தனை ஸ்டாப் உதவுகிறது என்று கண்கூடாகத் தெரியும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பட்டனைக் குத்தாமல் மெல்ல அழுத்தினால் இன்னும் ஒரு ஸ்டாப் கிடைக்கும். கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொள்வதும் நல்ல வழி.

ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்தை மட்டுமே குறைக்கும். எதிரே ஓடும் குழந்தையை அது நிறுத்தாது.

படம் தெளிவாக வராவிட்டால் காரணத்தைப் படத்திலேயே கண்டுபிடிக்கலாம். எல்லாப் பொருளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. தெருவிளக்குப் புள்ளிகள் குட்டிப் புழுக்கள்போல நெளிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் போதவில்லை. ஆளுக்குப் பின்னாலோ முன்னாலோ வேறு ஏதோ துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது, ஷட்டரை மாற்றிப் பயனில்லை.

மூன்றாவது பயிற்சி: குழாய்த் தண்ணீர்

கொல்லைப்புறக் குழாயின் கீழ் வாளியை வைத்துக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். நல்ல வெயிலில், தண்ணீருக்குப் பின்னால் ஏதாவது இருட்டான பொருள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் வாயிலிருந்து 30 செ.மீ. கீழே விழுந்த தண்ணீர் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் வேகத்தில் போகிறது. 1/2000-ல் அது ஒரு மி.மீ. அளவுதான் நகரும், தண்ணீர் உடைந்து மணி மணியாகத் தெரியும். 1/30-ல் (வெயிலில் படம் வெளுத்துவிடும், இதை மட்டும் நிழலில் எடுங்கள்) எட்டு செ.மீ., மணிகள் எல்லாம் சேர்ந்து கண்ணாடிக் கம்பி ஆகிவிடும். வாளி நிரம்பியதும் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

மழைக்கும் இதே பாடம். 1/1000-ல் மழை புள்ளியாகி, பெய்வதே தெரியாமல் போய்விடும். 1/60 பக்கம் வந்து, பின்னால் மரமோ நிழல் விழுந்த சுவரோ இருக்கும்படி நின்றால் சாரல் கோடு கோடாக இறங்கும்.

உறைய வைப்பது

வேகமான ஷட்டரில் பெரிய ரகசியம் ஏதும் இல்லை. 1/500 முதல் 1/1000 வரை வைத்தால் விளையாடும் குழந்தைகள், ஓடும் நாய், கபடி ஆட்டம் எல்லாம் நிற்கும். வேடந்தாங்கலில் கூழைக்கடா போன்ற பெரிய பறவைகள் நிதானமாகச் சிறகடிப்பதால் 1/1000-க்கே நிற்கும். மீன்கொத்திக்கு 1/3200-ம் சில நேரம் போதாது. உச்சத்துக்குப் போன ஊஞ்சல், குதித்து எழும்பியவர் மேலே நிற்கும் அந்தக் கணம், பரதநாட்டியத்தில் அடவு முடிந்து நிலையில் நிற்கும் இடம் இவற்றில் உடல் கிட்டத்தட்ட அசையாது. வெளிச்சம் குறைந்த அரங்கில் 1/250 மட்டுமே கிடைத்தாலும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தால் படம் கிடைக்கும்.

இந்த வகைப் படங்களுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்ற கேள்விக்குக் கண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. 1878-ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் ஓட்டப்பாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குதிரை கடக்கும்போதே ஒவ்வொன்றாகச் சொடுக்கும்படி செய்தார். எழும்பத்தான் செய்கிறது என்று படம் காட்டியது. ஆனால் ஓவியர்கள் வரைந்துவந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது இல்லை, நான்கும் வயிற்றுக்குக் கீழ் மடங்கியிருக்கும்போது.

பேனிங்: எனக்கு மிகவும் பிடித்தது

உறைய வைத்த பைக் படம் பல நேரம் நிறுத்தி வைத்த பைக்போல இருக்கும். சக்கரக் கம்பிகள்கூட எண்ணும்படி நிற்கும். வேகம் தெரிய வேண்டுமென்றால் மெதுவான ஷட்டரில், வண்டியோடு சேர்ந்து நாமும் திரும்ப வேண்டும். வண்டி தெளிவாக நிற்கும், உலகம் பின்னால் ஓடும். இதுதான் பேனிங்.

சாலையிலிருந்து எட்டுப் பத்து மீட்டர் தள்ளி, பாதுகாப்பான நடைபாதையில் நில்லுங்கள். எதிர்ப்புறம் கடைகள், சுவரொட்டிகள், பச்சையும் சிவப்புமாக ஏதாவது இருக்க வேண்டும். வெறும் வானமோ வெள்ளைச் சுவரோ பின்னால் இருந்தால் ஓடுவதே தெரியாது. தொடர் ஃபோகஸ், தொடர் படப்பிடிப்பு இரண்டையும் போடுங்கள். ஸ்டெபிலைசேஷனில் பேனிங்குக்கென்று தனி மோட் இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

வண்டி நமக்கு நேர் எதிரே வரும் இடத்தைப் பார்த்துப் பாதங்களை ஊன்றுங்கள். பிறகு இடுப்பை மட்டும் திருப்பி, வரும் வண்டியை வெகுதூரத்திலேயே ஃபோகஸில் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஆட்டோ என்றால் ஹெட்லைட், சைக்கிள் என்றால் ஓட்டுபவரின் முகம், அது படத்தில் இடம் மாறாதபடி கூடவே திரும்புங்கள். நேர் எதிரே வரும்போது அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திரும்பிக்கொண்டே இருங்கள். பெரும்பாலானவர்கள் பட்டனை அழுத்தியதும் நின்றுவிடுகிறார்கள், படம் கெடுவது அந்த இடத்தில்தான்.

1/125-ல் தொடங்குங்கள். நிறையத் தேறும், ஆனால் பின்னணி அவ்வளவாக ஓடாது. 1/60-ல் நன்றாகத் தெரியத் தொடங்கும். பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் 1/30 அருமையான வேகம். சைக்கிள் மெதுவாகப் போவதால் அதற்கு 1/15 வரை இறங்க வேண்டியிருக்கும். இருபது படத்தில் இரண்டு தேறினால் நல்ல தேர்ச்சி, மீதியை யோசிக்காமல் அழித்துவிடுங்கள். சைக்கிள் மிதிப்பவரின் முகம் தெளிவாகவும் கால்கள் மட்டும் சுழன்று கலங்கியும் வந்திருந்தால் அந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள். காலும் மிதியும் தனியாக மேலும் கீழும் போவதால் எவ்வளவு நன்றாகத் திரும்பினாலும் அவை நிற்காது, நிற்கவும் வேண்டாம்.

உச்சி வெயிலில் 1/30 வைத்தால் படம் வெளுத்துவிடும். ஐஎஸ்ஓ 100-க்கு வந்து, காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை ஐந்தரைக்குப் பிறகு முயலுங்கள்.

அருவி

இனி டிரைபாட் அவசியம். இரண்டு விநாடி டைமர் போட்டுவிடுங்கள், பட்டனை அழுத்தும் அதிர்வு அடங்கிவிடும். டிரைபாடில் ஸ்டெபிலைசேஷனை அணைப்பது நல்லது. பழைய லென்ஸ்களில் அதுவே சின்ன ஆட்டத்தை உண்டாக்கும்.

குற்றாலத்தில் ஜூனில் சீசன் தொடங்கிவிட்டால் பேரருவியில் தண்ணீர் கொட்டும். பலரும் இரண்டு, மூன்று விநாடி வைத்துப் பஞ்சுப் பொதிபோல எடுக்கிறார்கள். தண்ணீர் குறைவாக, பாறையில் தவழ்ந்து இறங்கும் சிற்றருவிக்கு அது அழகு. வெள்ளம்போல் விழும் அருவியில் அப்படிச் செய்தால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும், விழும் வலிமை போய்விடும். அங்கே 1/15 முதல் 1/4 வரை போதும் என்பது என் கருத்து. தண்ணீர் இழை இழையாகப் பிரிந்து, விழும் திசையும் தெரியும். ஒரே இடத்தில் நின்று 1/500, 1/15, 1/4, 2 விநாடி என்று நான்கும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், உங்களுக்கு எது பிடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். குளிப்பவர்களின் முகம் வராத கோணமாகப் பாருங்கள். சாரல் லென்ஸில் விழுந்துகொண்டே இருக்கும், பழைய பருத்தித் துணி ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

பகலில் இந்த வேகங்கள் கிடைக்க ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் எஃப் 11 வரை போகலாம் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்). எஃப் 22-க்குப் போனால் படம் முழுவதும் மந்தமாகிவிடும். அதற்குப் பதில் என்டி ஃபில்டர் வாங்குவது மேல். வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி அது. என்டி 8 மூன்று ஸ்டாப், என்டி 64 ஆறு ஸ்டாப், என்டி 1000 பத்து ஸ்டாப் குறைக்கும். ஃபில்டர் இல்லாமல் 1/30 என்றால் என்டி 8 போட்டதும் 1/4. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என்டி 64 வாங்குங்கள். போலரைஸர் ஃபில்டர் ஏற்கெனவே இருந்தால் அதுவே ஒன்றரை ஸ்டாப் குறைத்து, ஈரப்பாறையின் பளபளப்பையும் எடுத்துவிடும்.

என்டி 1000 போட்டால் வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில்) ஒன்றும் தெரியாமல் போகலாம். படத்தில் எது வர வேண்டும் என்று ஃபிரேமை அமைத்து, ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிய பிறகுதான் ஃபில்டரைத் திருக வேண்டும். 1/125 அப்போது 8 விநாடி ஆகும். கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் வ்யூஃபைண்டரை ஒரு துணியால் மூடுங்கள், பின்பக்கம் வழியாக வெளிச்சம் புகுந்து அளவீட்டைக் கெடுக்கும்.

இந்த நீண்ட நேரத்தில் நடமாடும் மனிதர்கள் படத்திலிருந்து மறைந்துவிடுவார்கள். 1838-ல் பாரிஸில் தன் ஜன்னலிலிருந்து லூயி டாகர் எடுத்த தெருப்படத்தில் நடந்தது அதுதான். பல நிமிடங்கள் பதிவானதால் வண்டிகளும் நடந்துபோனவர்களும் இல்லாமல், பரபரப்பான அந்தத் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓரமாக நின்று காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்ட ஒருவர் மட்டும் அசையாமல் இருந்ததால் பதிந்துவிட்டார். கூட்டமான கடற்கரையில் ஒரு நண்பரை அசையாமல் நிற்கச் சொல்லி 30 விநாடி எடுத்துப் பாருங்கள்.

இரவு: சாலையும் தீபாவளியும்

வாகன வெளிச்சக் கோடுகளுக்கு நேரம் முக்கியம். சூரியன் மறைந்து இருபது, முப்பது நிமிடத்தில் வானம் கருநீலமாக இருக்கும்போது எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 10 முதல் 20 விநாடி. முழு இருட்டாகிவிட்டால் கோடு மட்டும் இருக்கும், ஊர் இருக்காது. நடைமேம்பாலத்தில் நின்று எடுத்தால், யாராவது நடந்துவரும்போது பாலமே அதிரும். அவர் போகும் வரை பொறுத்திருங்கள்.

தீபாவளியில் கம்பி மத்தாப்பால் காற்றில் பெயர் எழுத எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 8 முதல் 10 விநாடி. எழுதுபவர் அடர் நிற உடை போட்டு, தன் இயல்பிலேயே எழுதட்டும். படத்தில் எழுத்து இடவலம் மாறியிருக்கும், பிறகு எடிட்டிங்கில் திருப்பிக்கொள்ளலாம். புஸ்வாணத்துக்கு அரை விநாடி முதல் ஒரு விநாடி வரை, அதற்கு மேல் போனால் அடிப்பாகம் வெளுத்துவிடும். சங்குசக்கரத்துக்கு 1/4. ராக்கெட்டுக்கு 3, 4 விநாடி வைத்து, மேலே ஏறத் தொடங்கும்போதே ஷட்டரைத் திறந்துவிடுங்கள்.

நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற வசதி மெனுவில் போட்டிருந்தால், 20 விநாடிப் படத்துக்குப் பிறகு கேமரா இன்னொரு 20 விநாடி எதுவும் செய்யாமல் நிற்கும். பழுது இல்லை, புள்ளிகளை நீக்குகிறது. பட்டாசு நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள்.

மொபைல் மட்டும் இருந்தால்

பெரும்பாலான மொபைல்களில் அப்பெர்ச்சர் மாறாது. புரோ மோடில் ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மட்டும் நம் கையில். ஐஎஸ்ஓவைக் குறைந்தபட்சத்தில் வைத்தாலும் பகல் வெளிச்சத்தில் 1/4 கிடைக்காது. ஆனால் குழாய்த் தண்ணீர், 1/1000 பயிற்சிகள், மாலைநேர பேனிங், மத்தாப்பு எழுத்து எல்லாம் மொபைலிலேயே செய்யலாம். டிரைபாட் இல்லாவிட்டால் இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் மொபைலைச் செருகி, டைமர் போட்டு எடுங்கள். ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்த அருவியை கேலரியிலேயே லாங் எக்ஸ்போஷராக மாற்றிக்கொள்ளலாம். கையில் பிடித்து எடுத்ததற்கும் ஓரளவு நன்றாகவே வருகிறது.